கற்பிப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது யார்?



2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பங்கில் காலைத் திருப்பலிக்குப் பாடகர் குழுவில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. இரண்டும் ஆசிரியைகளின் இடங்கள். அன்று ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். நமக்கெல்லாம் 'டெட்' என்றால்தான் புரியும். அவர்களுள் ஒருவர் அன்று மாலையே கோவிலுக்கு வந்தார். அருகிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. இருபத்து நான்கு ஆண்டுப் பணி. "எப்படி டீச்சர் எழுதினீங்க?" என்று கேட்டேன். தேர்வைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "ஃபாதர், எனக்கு முன்னால பெஞ்சுல உட்கார்ந்து எழுதுனது நான் ஆறாம் வகுப்புல பாடம் எடுத்த பொண்ணு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டா" என்றார். சற்று நேரம் கழித்து, "இத்தனை வருஷத்துல எனக்கு யாராவது உட்கார வெச்சு எதையாவது கத்துக் கொடுத்தாங்களான்னு நினைச்சுப் பார்த்தேன் ஃபாதர். விரல்விட்டு எண்ணிடலாம்" என்றார்.

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பல வீடுகளில் இது பற்றிப் பாதி உண்மையும் பாதி வதந்தியுமாகப் பேசிக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறியது. அதன் 23-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்கச் சொல்கிறது. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கையில்தான் தகுதித் தேர்வு வந்தது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்றே எண்ணியிருந்தார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையேல் ஓய்வுக்காலப் பலன்களுடன் வெளியேற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழகத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தொட்ட தீர்ப்பு இது. தமிழக அரசு மறுஆய்வு கோரி மனுச் செய்தது. பணியில் உள்ளவர்களுக்கென்று சிறப்புத் தகுதித் தேர்வுகளையும் அறிவித்தது.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் கதை வேறு. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று கூறியிருந்தது. 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அது சரிதானா என்று ஐயம் எழுப்பி, அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வு பரிசீலிக்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பி வைத்தது. அதில் முடிவு தெரியும்வரை நமது பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இந்தத் தேர்வுக் கட்டாயம் இல்லை.

அந்தச் செய்தி வந்த மறுநாள் நமது பங்குப் பள்ளியின் ஆசிரியர் அறையில் நான் கேட்ட சொல் ஒன்று உண்டு. "அப்பாடா, நமக்கு இல்லையாம்!" நானும் தாளாளர் என்ற முறையில் உள்ளூர அதே பெருமூச்சைத்தான் விட்டேன். மறைக்க வேண்டியதில்லை. ஒரே பங்கில், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் இரண்டு ஆசிரியைகளில், ஒன்றியப் பள்ளியில் இருப்பவர் இரவு பதினொரு மணி வரை குழந்தை உளவியல் படிக்கிறார். நம் பள்ளியில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு நமக்குக் கொடுத்த உரிமை விலைமதிப்பற்றது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமை, நமது பள்ளியை நமது மனச்சான்றின்படி நடத்துவதற்காகத் தரப்பட்டது. கற்காமலிருப்பதற்கு அனுமதிச் சீட்டாக அதை நாம் மாற்றிவிடக் கூடாது அல்லவா?

இந்தத் தேர்வே தவறு என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு. இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போருக்கு. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றி 30 கேள்விகள்; மீதி மொழியும் பாடமும். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துபவருக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன பிழை? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் அதைத்தானே எதிர்பார்க்கிறாள்?

ஆனால் ஒன்றை நினைவுகூர வேண்டும். 2012-இல் தமிழகத்தில் முதன்முறையாக இந்தத் தேர்வு நடந்தபோது, எழுதிய ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. அன்று எல்லாரும் ஆசிரியர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதே ஆண்டில்தான், உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம், நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை தரமற்ற தனியார் கடைகளாகிவிட்டன என்ற பொருள்பட அறிக்கை தந்தது. தேர்வறையில் தோற்றவர் பெயர் வெளியே வந்தது. அவருக்குச் சான்றிதழ் விற்றவர் பெயர் வெளியே வரவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் காட்டும். மருந்து அதில் இல்லை. தகுதித் தேர்வும் அப்படித்தான்.

மருந்து எங்கே இருக்கிறது? அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 23-ஆம் பிரிவைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். 8-ஆம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வசதி செய்து தருவது அரசின் கடமை என்று அந்தப் பிரிவில் எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர் தகுதி பெறாவிட்டால் வேலை போகும். அரசு பயிற்சி தராவிட்டால் என்ன போகும்? ஒன்றும் போகாது!

இந்தப் பயிற்சிக் கணக்கைச் சற்று வரலாற்றோடு பார்ப்போம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதங்கள் பணியிடைப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வருடத்துக்குப் பிரித்தால் 12 முதல் 18 நாட்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 2001-இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம், ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்று விதி வகுத்தது. வட்டார வள மையங்களும் சனிக்கிழமைக் குறுவள மையக் கூட்டங்களும் அப்போது பரவலானவையே. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. நாளுக்கு ஆறு மணி என்று வைத்தால் எட்டு ஒன்பது நாட்கள். அதிலும் ஒரு பகுதி இணையவழியில். அந்தக் கொள்கையைத் தமிழகம் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். அறுபது ஆண்டுகளில் பாடநூல் எத்தனை முறை மாறியிருக்கிறது, பிள்ளைகள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள்! பயிற்சியின் கணக்கு மட்டும் வளரவே இல்லை. தாளில் உள்ள கணக்கைத்தான் சொல்கிறேன். ஆசிரியர்களின் விரல் கணக்கு இதைவிடச் சிறியது.

கிடைக்கும் பயிற்சிதான் எப்படி நடக்கிறது? மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்துக்கு வந்து கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் ஒன்றியத்துக்கு வந்து சொல்கிறார்கள். பிறகு குறுவள மையத்தில் ஆசிரியர்களுக்கு. ஊற்றிலிருந்து கிளம்பிய தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக வந்து கடைமடைக்குச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து நாள் பயிற்சி மூன்று நாளாகி, மூன்று நாள் ஒரு நாளாகி, கடைசியில் திரையில் படம் காட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பேசுபவரும் பாவம், நேற்றுத்தான் கேட்டிருப்பார். கேள்வி கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. ஆகவே யாரும் கேள்வி கேட்பதில்லை.

2017-இல் திக்ஷா இணையதளமும், 2019-இல் நிஷ்டா என்ற தேசியப் பயிற்சித் திட்டமும் வந்தன. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது இணையவழிப் பயிற்சி பெரும் உதவியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. மலைக்கிராமத்து ஆசிரியரும் வீட்டிலிருந்தே நல்ல விரிவுரை ஒன்றைக் கேட்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து, அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டு, பக்கத்தில் செல்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, முடிந்ததும் சான்றிதழ் பதிவிறக்கம் செய்துகொண்ட ஆசிரியர்கள் ஏராளம். குறை அவர்கள் மேல் இல்லை. பள்ளி முடிந்து, வருகைப் பதிவும் நலத்திட்டப் பட்டியலும் கணினியில் ஏற்றி, வீட்டுக்கு வந்து சமைத்து, பிறகு உனக்கான பயிற்சியை உன் நேரத்தில் நீயே முடித்துக்கொள் என்றால் எந்த மனிதப் பிறவியால் முடியும்?

நல்ல எடுத்துக்காட்டே இல்லையா என்றால், இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் சில தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமானது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்ட முறை அதற்கு வழிகாட்டியது. 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதன் நிறைகுறைகளைப் பற்றிப் பெரிய விவாதங்கள் உண்டு. பிற்பாடு அது தேய்ந்தும் போனது. ஆனால் அக்காலத்தில் பணியாற்றிய ஒரு மூத்த ஆசிரியை என்னிடம் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். "சாமி, அதுக்கு முந்தி பயிற்சின்னா யாராவது பேசுவாங்க, நாங்க கேட்போம். இதுக்கு மட்டும்தான் வேற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி, பிள்ளைங்களோட பாய்ல உட்கார வெச்சாங்க. எங்கள மாதிரி ஒரு டீச்சர் செய்யறதக் கண்ணால பார்த்தோம்" என்றார். இருபது ஆண்டு கழித்தும் அவருக்கு நினைவிருப்பது அந்தப் பாய்தான்.

கண்ணால் பார்ப்பது என்பது சிறிய காரியமல்ல. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, அவர்களில் ஒருவர் வகுப்பில் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனித்து, பிறகு அமர்ந்து பேசும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சி பெறும் உரிமை வழங்கப்பட்டது. அந்த நாடுகள் பணக்கார நாடுகள்தாம். ஆனால் சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்வதற்குப் பணம் தேவையில்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள்தான் நம்மிடம் இல்லை. பணியிடைப் பயிற்சியின் முழுச் சிக்கலும் எனக்குத் தெரிந்தவரை இந்த ஓர் ஆளில்தான் வந்து நிற்கிறது.

அரசுகளின் சண்டையும் இதில் சேர்ந்துகொண்டது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் தர வேண்டும். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திட மறுத்ததை ஒட்டி, 2024-25-ஆம் ஆண்டுக்கான மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பயிற்சிக்கும் வட்டார வள மையங்களுக்கும் பணம் வருவது இந்தத் திட்டத்தின் வழியாகத்தான். யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. மறையுரை மேடையிலும் இங்கும் அதைச் சொல்வதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். யானைகள் மோதும்போது மிதிபடும் புல்லாக மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கக் கூடாது.

அரசைச் சொல்லிவிட்டேன். இனி நம்மைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் தாளாளராக இருந்த ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியை ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். பின்னங்களை எப்படிப் புரிய வைப்பது என்பதைப் பற்றி மூன்று நாள் பயிலரங்கு. கட்டணம் அவரே கட்டுவதாகச் சொன்னார். விடுப்பு மட்டும் வேண்டும். அது அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம். "யார் டீச்சர் உங்க வகுப்பைப் பார்ப்பாங்க? அடுத்த தடவை பார்க்கலாம்" என்றேன். அடுத்த தடவை அவர் கேட்கவில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு யாருமே கேட்கவில்லை. அதே மாதம் நான் எங்கள் ஆண்டுத் தியானத்துக்கு ஒரு வாரம் போய் வந்தேன்! குருக்களாகிய எங்களுக்குத் தியானம் உண்டு, தொடர் உருவாக்கப் பயிற்சி உண்டு, மறைமாவட்டக் குருக்கள் கூட்டம் உண்டு. நான் இல்லாத நாளில் பங்கில் திருப்பலி நிற்பதில்லை. பக்கத்துப் பங்குச் சாமியார் வந்து பூசை வைக்கிறார். எனக்கு மாற்று ஆள் கிடைப்பதை நான் இயல்பாக எடுத்துக்கொண்டேன். அவருக்கு மாற்று ஆள் தேடுவது என் வேலை என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

இதைவிட வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. உதவி பெறும் பள்ளிகளில் ஓர் இடம் காலியானால், அரசு ஒப்புதல் கிடைக்கும் வரை வகுப்பைச் சும்மா விட முடியாது. ஆகவே நிர்வாகமே சிறு தொகை கொடுத்து ஒருவரை அமர்த்துகிறது. அவர்களை 'மேனேஜ்மென்ட் டீச்சர்' என்கிறோம். பெரும்பாலும் நமது பங்கின் இளம்பெண்கள். கல்லூரி முடித்து, பி.எட். முடித்து, அரசு ஆசிரியர் வாங்குவதில் சிறு பகுதியை வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்தவரை, குறுவள மையக் கூட்டத்துக்கான பட்டியலில் இவர்கள் பெயர் வருவதில்லை. மற்ற ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகும் நாளில், அவர்களுடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? இவர்களேதான். பயிற்சி மிக அதிகமாகத் தேவைப்படுபவர், மற்றவர் பயிற்சிக்குப் போவதற்காகப் பின்னால் நிற்கிறார். நல்ல பள்ளி என்று நம்மைத் தேடி வரும் ஏழைப் பெற்றோருக்கு இது தெரியாது.

திருச்சபைக்கு இது புதிய படிப்பினையுமல்ல. ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், பிரான்சின் ரேம்ஸ் நகரில் 1685-இல் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சி இல்லம் தொடங்கினார். ஏழைப் பிள்ளைக்குக் கற்பிக்க யார் வேண்டுமானாலும் போதும் என்று உலகம் எண்ணிய காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி எத்தகையது என்பது பெரும்பாலும் அதன் ஆசிரியர்களைப் பொறுத்தது என்றும், அவர்கள் நன்கு தயாரிக்கப்பட வேண்டும், தங்களைப் புதுப்பித்துக்கொள்ள எப்போதும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது. அதன் அறுபதாம் ஆண்டில், 2025 அக்டோபர் இறுதியில், திருத்தந்தை பதினான்காம் லியோ கல்வி பற்றி ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார். அறிவியல், கற்பித்தல், பண்பாடு, ஆன்மிகம் ஆகிய அனைத்திலும் ஆசிரியரை உருவாக்குவது முடிவைத் தீர்மானிக்கும் காரியம் என்று அதில் வலியுறுத்துகிறார்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டவர் பன்னிருவரை இருவர் இருவராக அனுப்புகிறார். தனியாக அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்ததையும் கற்பித்ததையும் எல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் உடனே அடுத்த ஊருக்கு விரட்டவில்லை. உண்ணவும் நேரமில்லாதிருந்த அவர்களைத் தனிமையான ஓரிடத்துக்கு அழைத்துப் போகிறார். இருவராகச் செல்வது, செய்து பார்ப்பது, வந்து பேசுவது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது. இன்றைய கல்வியாளர்கள் பணியிடைப் பயிற்சியில் கேட்பவை இவைதாம். கூட்டம் அங்கேயும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது என்பதும் நற்செய்தியில் உண்டு. நம் ஆசிரியர்கள் அதைப் படித்தால் புன்னகைப்பார்கள்.

சென்ற கல்வியாண்டின் முடிவில் நமது பங்குப் பேரவையில் இதைப் பற்றிப் பேசினோம். உடன்பாடு எளிதில் வரவில்லை. "அரசு சம்பளம் வாங்குறவங்களுக்கு நாம ஏன் சாமி செலவு செய்யணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் தினக்கூலி வேலை செய்பவர். அவருடைய பேத்தி அதே பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். "அந்தப் பிள்ளைக்காகத்தான்" என்று பதில் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்தைக் குறைத்து அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னபோது பெரிய சலசலப்பே எழுந்தது. அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

முடிவானவை இவை. மாதம் ஒரு சனிக்கிழமை நமது பள்ளியில் ஆசிரியர்கள் அரை நாள் கூடுவார்கள். சுற்றறிக்கை வாசிப்பதற்கோ, நன்கொடைக் கணக்குக்கோ, ஆண்டு விழா ஒத்திகைக்கோ அல்ல. பாடம் பற்றிப் பேசுவதற்கு மட்டும். மேனேஜ்மென்ட் டீச்சர்கள் முதல் வரிசையில் இருப்பார்கள். அந்த அரை நாளுக்கும் அவர்களுக்கு ஊதியம் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளை ஒவ்வோர் ஆசிரியரும் இன்னொருவருடைய வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். குறை கண்டுபிடித்து என்னிடம் வந்து சொல்வதற்காக அல்ல என்று ஹெச்.எம். சிஸ்டர் இரண்டு முறை உறுதி சொன்ன பிறகே இதற்குச் சம்மதம் கிடைத்தது. அந்த அச்சம் எப்படி வந்தது என்பதை நிர்வாகிகளாகிய நாங்கள்தான் யோசிக்க வேண்டும். ஒன்றியப் பள்ளியில் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் நமது பங்கு ஆசிரியைகளும் விரும்பினால் சனிக்கிழமைகளில் வரலாம். பள்ளி நூலகம் அவர்களுக்கும் திறந்திருக்கும். பெரிய அமர்வு நமது பள்ளிகளைப் பற்றி எந்தத் தீர்ப்பு வழங்கினாலும் இந்த ஏற்பாடு நிற்காது.

மிச்சமிருப்பது அந்த மாற்று ஆள். நமது பங்கில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருபது பேருக்குமேல் இருக்கிறார்கள். பலர் காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வருகிறார்கள். ஒரு ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில், தலைமை ஆசிரியையின் மேற்பார்வையில், அந்த வகுப்புப் பிள்ளைகளோடு இருக்க அவர்களால் முடியும். சென்ற ஞாயிறு அறிவிப்பில் சொன்னேன். இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் தமிழ், ஒருவர் வரலாறு. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் தேவை. பெயர் எழுதும் நோட்டு சக்கறீஸ்து அறையில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.